கல்லுமேட்டு வளைவுக்குப் பாட்டு இல்லை

பெட்டிக்குள் விசிலை வைக்கப் போன வடிவேல் மாமாவின் கையை வினோதா எட்டிப் பிடித்தாள்.

“அத மட்டும் விடுங்க மாமா.”

“அவரு பொருள் அவரோட போகணும்மா. வெத்தலப் பொட்டி வச்சாச்சு, கண்ணாடி வச்சாச்சு, கையில வெள்ள உறைய மாட்டியாச்சு. விசில் இல்லாம அங்க போயி என்னா செய்வாரு?”

“அங்க ட்ரபிக் இருக்காது மாமா.”

பெட்டியைச் சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்களில் இரண்டு பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழுகையா சிரிப்பா என்று யாருக்குத் தெரியும்? தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா லெட்சுமி மட்டும் பொத்திக்கொள்ளவில்லை. அழுத முகத்தோடே சிரித்துவிட்டாள். மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விசிலை வினோதாவின் உள்ளங்கையில் போட்டார். பித்தளை விசில். முப்பத்தொரு வருஷ வேலையில் அப்பா வாயில் கிடந்து ஒரு பக்கம் தேய்ந்துபோயிருந்தது.

பெட்டிக்குள் படுத்திருந்தவர் சார்ஜன் சோலைமலை. கல்லுமேட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து பொலிசுக்குப் போன முதல் ஆள். கினிகத்தேனையிலிருந்து நானுஓயா வரைக்கும் மோட்டார் சைக்கிளில் ரோந்து போனவர். மழையென்றால் மழை, பனியென்றால் பனி. ரிட்டயராகி எட்டு வருஷம் ஆனபிறகும் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கும் நேரத்துக்கு வெள்ளை உறையை மாட்டிக்கொண்டு மெயின் ரோட்டு வளைவில் போய் நிற்பார். சம்பளமா, சாப்பாடா, ஒன்றும் கிடையாது. நின்றால்தான் அவருக்குச் சோறு இறங்கும். முந்தாநாள் காலையிலும் அப்படித்தான் நின்றுவிட்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து பிளேன்டீ கேட்டார். பாதி குடித்தார். “இஞ்சி கொஞ்சம் தூக்கலா இருக்கு லெட்சுமி” என்றார். மீதியைக் குடிக்க ஆள் இல்லை. கொடுத்து வைத்த சாவு என்று ஊரே சொன்னது.

ஆனால் வினோதா அப்பாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள்.

போன மாதம்தான் கேட்டார். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம், ஏதோ கடைக்குப் போய் வரச் சொல்கிற மாதிரி சொன்னார்.

“வினோ, என்னய தூக்கிட்டுப் போறப்ப ரோட்டுல ஒரு பஸ் நிக்கக் கூடாது.”

“என்னாப்பா பேச்சு இது?”

“பேச்சு இல்ல, ஓடர். நம்ம வீடு ரோட்டுக்குக் கீழ. மயானம் ரோட்டுக்கு மேல. என்னய ரோட்டக் கடத்தித்தானே கொண்டு போகணும்? ஒங்க மாமன் தப்புக்கொட்டு, வெடின்னு நடுரோட்டுல ஆடவிடுவான். ஒரு பஸ் நிக்கக் கூடாது. சரின்னு சொல்லு.”

அவள் சரி என்றாள். கீரையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்ன சரிதான். ஆனாலும் சரி சரிதானே.

அந்த மனுஷனுக்கு ஏன் அந்தப் பிடிவாதம் என்பது தோட்டத்துக்கே தெரியும். இருபது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு பெரிய மனிதரின் இறுதி ஊர்வலம் இந்த வளைவில் ஒன்றரை மணிநேரம் ரோட்டை அடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு வேன் நடுவில் மாட்டிக்கொண்டது. உள்ளே நிறைமாதக்காரி ரத்னா. வலி காத்திருக்குமா? கொட்டுகிற மழையில், உடைந்த வேன் கதவுக்கு வெளியே சார்ஜன் முதுகைக் காட்டிக்கொண்டு குடை பிடித்து நிற்க, உள்ளே பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் தப்பியது முருகன் செயல். அன்றையிலிருந்து எந்த மரண ஊர்வலம் வந்தாலும் சரி, தோட்டத்துப் பெரிய கணக்கப்பிள்ளையாகவே இருந்தாலும் சரி, சோலைமலை பெட்டியை ஓரத்தில் நிறுத்தி வண்டிகளை விட்ட பிறகுதான் ரோட்டைக் கடக்க விடுவார். எத்தனை பேர் மண்ணை வாரித் தூற்றினார்கள்! “செத்தவருக்கு அவசரம் இல்ல. உசுரோட இருக்கிறவனுக்குத்தான் அவசரம்” என்பார்.

அதே ரத்னா இப்போது பெட்டிக்கு வலது பக்கம் உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கினாள். தோட்டத்தில் அவள் குரலுக்கு எதிர்க்குரல் கிடையாது.

“கொட்டகல ரோட்டுல
கொட பிடிச்ச மகராசா
விட்டுப்புட்டுப் போனீயே
வெறிச்சோடும் வளவெல்லாம்…”

பெண்கள் தோளோடு தோள் சாய்ந்து அழுதார்கள். வினோதாவும் அழுதாள். அழுகை நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி எடுத்தாள்.

“எட்டு நாளு கெஞ்சியுமே
எரக்கமில்லா மகராசா
குட்டிப்பய லைசன
கொண்டு போயி வச்சீயே…”

அவ்வளவுதான். ரத்னாவுக்கு ராகம் உடைந்து சிரிப்பு வந்துவிட்டது. அம்மா பெட்டியின் விளிம்பைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். “கேட்டுக்கங்க, செத்தும் ஒங்கள விடமாட்டேங்கிறாங்க!” என்று அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். சாவு வீட்டில் இப்படிச் சிரித்தால் ஊர் வாய் சும்மா இருக்காதுதான். இருக்கட்டுமே. அறுபத்தெட்டு வயதுவரை யாரிடமும் ஒரு டீ வாங்கிக் குடிக்காமல் இருந்த பொலிஸ்காரனுக்கு இந்தச் சிரிப்பாவது வேண்டாமா?

பாட்டென்றால் சோலைமலைக்கு உயிர். ஆனால் கச்சேரிப் பாட்டு இல்லை. ஊர்ப் பாட்டு. அவர் ரோந்து போன ரோட்டில் எங்கெங்கே ஆபத்து உண்டோ அங்கங்கே ஒரு பாட்டுக் கட்டி வைத்திருந்தார். வேகமாக வருகிற டிரைவரை மறிப்பார். முதல் தரம் கேஸ் போடமாட்டார். பாட்டைச் சொல்லிக்கொடுப்பார்.

“வட்டவள மழையடா
வழுக்கிவிடும் ரோட்டடா
கெட்டிக்காரன் ஆனாலும்
கியரக் கொறச்சு ஓட்டடா.”

“மனப்பாடம் பண்ணிக்க. அடுத்த தரம் புடிக்கிறப்ப பாடணும். பாடிட்டா போகலாம். பாட்டு வராட்டி கேஸ் எழுதுவேன்” என்பார். தமிழ் டிரைவர், சிங்கள டிரைவர் என்ற வித்தியாசம் கிடையாது. மரக்கறி லொறிக்கார ஜயலத் அர்த்தம் முழுதாகப் புரியாமலே ஏழு ஊர்ப் பாட்டையும் பாடுவான். ஒருநாள் வட்டவளை இறக்கத்தில் கை தானாகப் போய் கியரைக் குறைத்ததாம். எதிரே தடம் மாறி வந்த எண்ணெய் பவுசர் உரசாமல் போனதாம். மறுநாள் ஒரு மூட்டை கரட்டோடு வீட்டுக்கு வந்தான். சார்ஜன் அந்த மூட்டையைத் தூக்கிப் பள்ளிக்கூடத்துச் சமையலுக்கு அனுப்பிவிட்டார். ஜயலத்தை மட்டும் உட்கார வைத்துச் சோறு போட்டார்.

எல்லா இடத்துக்கும் பாட்டு இருந்தது. கல்லுமேட்டு வளைவுக்கு மட்டும் இல்லை. “அப்பா, நம்ம வளைவுக்கு ஏன் ஒண்ணு கட்டல?” என்று வினோதா சின்ன வயதில் கேட்டதற்கு, “அதுக்கு எதுக்குப் பாட்டு? நாந்தான் நிக்கிறேனே” என்றார்.

மணி இரண்டை நெருங்கியது. வாய்க்கரிசி போட்டு முடிந்தது. வினோதா வடிவேல் மாமாவைத் தனியாக இழுத்துப் போய் வாக்கைச் சொன்னாள்.

“ரோட்டுக்குப் போனதும் ஒரு ஓரமா நின்னு, வண்டி இல்லாத நேரம் பாத்து, கடகடன்னு கடந்துரணும் மாமா. வெடி வேணாம்.”

மாமா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். பட்டாசுக்காரனே அவர்தான்.

“இது நல்லாயிருக்கே! எங்க மச்சான் என்னா கோழியா, கடகடன்னு ரோட்ட கடக்க? தூக்கின பெட்டி வழியில நிக்கவே கூடாதும்மா, ஆகாது. நானே ஹட்டன் பஸ் ஸ்டான்ட்ல போயி சொல்லிட்டு வந்திருக்கேன். பாரு, எவ்வளவு சனம் வருதுன்னு.”

“என்னா சொன்னீங்க?”

“சார்ஜன் கடைசிப் பயணம், மெயின் ரோட்டு வழியா, ரெண்டு மணிக்குன்னு சொன்னேன். வேற என்னாத்த சொல்ல?”

அந்த நேரத்தில்தான் மேலே ரோட்டிலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. ஒன்றில்லை. பத்து, பதினைந்து.

வினோதா படியேறி ஓடினாள். ரோட்டு ஓரத்துக்கு வந்து இரண்டு பக்கமும் பார்த்தாள். பஸ் ஸ்டான்டில் மாமா சொன்னதை டிரைவர்மார் தங்கள் வழக்கப்படி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மெயின் ரோட்டு வழியாகக் கடைசிப் பயணம் என்றால், அவர்களும் வண்டியோடு வந்து பின்னால் போகவேண்டும் என்றுதானே அர்த்தம்? டிரைவர் வீட்டுச் சாவுக்கு அப்படித்தானே போவார்கள்! கொட்டகலைப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் லொறி, வேன், ஆட்டோ. தலவாக்கலைப் பக்கமும் அப்படியே. எல்லாவற்றின் கண்ணாடியிலும் வெள்ளைக் கொடி. வளைவின் இரண்டு பக்கமும், அப்பா ஒரு சைக்கிளைக்கூட நிறுத்தவிடாத அதே வளைவில், வண்டிமேல் வண்டி. நடுவில் நுவரெலியா போகிற பஸ் மூக்கை நீட்டியபடி மாட்டிக்கொண்டு கத்தியது. ட்ரபிக் பொலிஸ் வரவில்லையா என்று கேட்டாள். வந்திருக்கிறார்களாம். மலர்வளையத்தோடு வந்த ஜீப், கொட்டகலை சந்திக்கு அந்தப் பக்கம், இதே வரிசையின் வாலில் மாட்டிக்கொண்டிருக்கிறதாம்.

சோலைமலை முப்பத்தொரு வருஷத்தில் பார்த்திராத நெரிசல், சோலைமலைக்காகவே கூடியிருந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அதுதான். பஸ் ஜன்னலில் ஒரு அம்மா மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் கையில் மருந்து ஏற்றிய பிளாஸ்டர்.

கீழே தப்புச் சத்தம் எழும்பியது. பெட்டியைத் தூக்கிவிட்டார்கள்.

வினோதா யாரென்று நினைக்கிறீர்கள்? தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முப்பத்திரண்டு வயது. வண்டி ஓட்டும் பரீட்சையில் இரண்டு தரம் பெயில். இரண்டாவது தரம் அப்பாவின் சிநேகிதர்களே பெயில் போட்டார்கள். “எம்மக ரோட்டுல எறங்கினா அவ பிரேக்கத் தேடுவா, பிரேக்கு அவளத் தேடும்” என்று அப்பாவே ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தவர். அப்பேர்ப்பட்டவள், வெள்ளைச் சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு நடுரோட்டில் இறங்கினாள். விசிலை வாயில் வைத்து ஊதினாள்.

எச்சில்தான் வந்தது. காற்று வரவில்லை. ஆட்டோக்காரன் ஒருவன் சிரித்தான்.

மூச்சை அடிவயிற்றிலிருந்து இழுத்து மறுபடி ஊதினாள். நீளமாக ஒன்று.

அந்தச் சத்தம் இருக்கிறதே, அது அந்த ரோட்டுக்கே தெரிந்த சத்தம். தேய்ந்த பக்கத்தால் கொஞ்சம் கரகரத்து வரும். ஒரு நீள விசில் என்றால் நில். இரண்டு குட்டி விசில் என்றால் போ. வீட்டிலும் அப்படித்தான். அவளும் அம்மாவும் சண்டை போட்டால் ஒரு நீளம், கோயிலுக்குக் கிளம்ப இரண்டு குட்டி. ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. டிரைவர்மார் தலையை வெளியே நீட்டி, பயந்த முகத்தோடு வளைவைப் பார்த்தார்கள். பஸ் டிரைவர் நிரஞ்சன் சத்தியமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

“ஐயோ, நான் சார்ஜன்னு நெனச்சிட்டேன்!” என்றான். பிறகு அவளை உற்றுப் பார்த்து, “ட்ரயல்ல பெயிலான டீச்சர்தானே நீங்க?”

“ஆமா. பேசாம பஸ்ஸ ஸ்டார்ட் பண்ணுங்க. ஜயலத் அண்ணே, ஒங்க லொறிய பின்னால எடுத்து தேயில பெக்டரி முத்தத்துல போடுங்க. அந்த ரெண்டு வேனும் அண்ணனுக்குப் பின்னால. ஆட்டோ எல்லாம் கோயில் பக்கம். வளைவுல ஒரு வண்டி நிக்கக் கூடாது. அப்பாவுக்குப் புடிக்காது.”

ஜயலத் லொறியிலிருந்து பாதி இறங்கி நின்றான். “நங்கி, தங்கச்சி, நாங்க சார்ஜன் மாத்தியா பின்னால வரணும் தானே?”

“பின்னால வராதீங்க அண்ணே. முன்னால போங்க. எல்லாரும் அவர கடந்து போங்க. அதான் அவருக்கு சந்தோசம்.”

அப்போது பெட்டி படியேறி ரோட்டு ஓரத்துக்கு வந்துவிட்டது. முன்னால் பெரியப்பா மகன் கிஷாந்த் கொள்ளிச்சட்டியோடு. பின்னால் தப்பு. தப்புக்குப் பக்கத்தில் வெடிக்கட்டோடு வடிவேல் மாமா. பெட்டி ரோட்டில் கால் வைக்கப் போனது.

வினோதா திரும்பினாள். இடது கையை உயர்த்தி, உள்ளங்கையை அப்பாவுக்கு நேராகக் காட்டினாள்.

“நில்லுங்க.”

தப்பு நின்றது. தூக்கியவர்கள் நின்றார்கள். மாமா முன்னால் ஓடிவந்தார்.

“ஏய், என்னா புள்ள செய்ற! தூக்கின பெட்டிய நிப்பாட்டுறதா? குடும்பத்துக்கே ஆகாது! நகரு!”

அவள் நகரவில்லை. கையை இறக்கவில்லை. எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். பெண்கள் கூட்டத்தின் நடுவில் இருவர் தாங்கிப் பிடிக்க வந்த லெட்சுமி, தாங்கியவர்களின் கையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“எறக்கி வைங்கடா” என்றாள். “ஆயிரம் பொணத்த நிப்பாட்டின மனுசன். இன்னைக்கு அவரும் நிக்கட்டும். மக சொன்னா நிக்கணும்.”

பெட்டியை ஓரத்து மைல்கல்லுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார்கள். மாமா வெடிக்கட்டைத் தோளில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

வினோதா இரண்டு குட்டி விசில் ஊதினாள். பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது. பெட்டிக்கு நேரே வந்ததும் நிரஞ்சன் வேகத்தைக் குறைத்து, ஜன்னல் வழியாகப் பெட்டியைப் பார்த்து, கூச்சப்படாமல் பாடினான்.

“திம்புள்ள சந்தியில
தேயில லொறி திரும்புது
வம்பா முந்திப் போகாத
வாசல்ல புள்ள தேடுது…”

பஸ்ஸுக்குள்ளிருந்த சனம் எட்டிப் பார்த்துக் கும்பிட்டது. பிளாஸ்டர் போட்ட பிள்ளை அம்மா மடியில் நின்று கையை ஆட்டியது. பின்னால் வந்த வேன்காரனுக்கு வட்டகொடைப் பாட்டு.

“வட்டகொட பனியில
வானமெது ரோடெது
சட்டுப்புட்டுனு போகாத
சாஞ்சு கெடக்கும் பள்ளமது…”

அவன் பாடிமுடிக்குமுன் தப்புக்காரர்கள் அந்தத் தாளத்தைப் பிடித்துவிட்டார்கள். சாவுக்கொட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு ஊர்ப் பாட்டாகக் கடந்தது. பொலிஸ் ஜீப்பும் மலர்வளையத்தை இறக்கிவிட்டுக் கடந்தது. சிலர் வரி மறந்து முனகினார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ரத்னா ஓரத்திலிருந்து அடியெடுத்துக் கொடுத்தாள். “இவனுக்கு பாட்டு வரல, கேஸ் எழுதுங்க!” என்று ஒரு கிழவி பெட்டியைப் பார்த்துக் கூவினாள். ரோடே சிரித்தது. வடிவேல் மாமாவின் கால் தன்னை அறியாமல் தாளம் போட்டது. அப்பா எழும்பி உட்கார்ந்து பார்க்கமாட்டாரா என்று வினோதா ஒரு நொடி நிஜமாகவே நினைத்தாள். பெட்டிக்குள் வெள்ளை உறை போட்ட கைகள் சும்மா கிடந்தன.

பெக்டரி முத்தத்திலிருந்து கடைசியாக வந்தது ஜயலத்தின் லொறி. அவன் வட்டவளைப் பாட்டைச் சிங்கள நாக்கில் கணீரென்று பாடி முடித்துவிட்டு, அவள் பக்கத்தில் வண்டியை ஒரு நிமிஷம் உருட்டினான். கண் சிவந்திருந்தது.

“நங்கி, இந்த வங்குவுக்கு, வளைவுக்கு, சிந்து இல்ல தானே? பாட்டு. இனி நாங்க எப்படிப் போறது?”

அவளுக்குப் பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

“நாந்தான் நிக்கிறேனே அண்ணே. போங்க.”

லொறி போனது. இரண்டு பக்கமும் ரோடு வெறுமையாகக் கிடந்தது, ஒரு வண்டி இல்லை. அவள் பெட்டியின் பக்கம் திரும்பி, கையை இறக்கி, இரண்டு குட்டி விசில் ஊதினாள்.

பெட்டி எழும்பியது. வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. அந்தப் பக்கம் மயானத்துக்கு ஏறுகிற மண்பாதையில் கால் வைத்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

“பொம்பளைங்க இதோட நின்னுக்கங்க” என்று மாமா ரோட்டின் மறுபக்கத்திலிருந்து சத்தம் போட்டார். குரலில் கோபம் இல்லை. “திரும்பிப் பாக்காம வீட்டுக்குப் போங்க.”

அம்மாவும் ரத்னாவும் மற்றப் பெண்களும் கீழே இறங்கினார்கள். வினோதா போகவில்லை. மேட்டுப் பாதையைப் பார்க்கவும் கூடாது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு தலவாக்கலைப் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றாள். தப்புச் சத்தம் பின்னால் மேலே மேலே ஏறிக்கொண்டே போனது.

தேயிலை மலையிலிருந்து பனி இறங்கி ரோட்டை மூடத் தொடங்கியது. அதற்குள்ளிருந்து ஒரு லொறி வந்தது. புது டிரைவர், யாரென்று தெரியவில்லை. நடுவளைவில் வெள்ளைச் சேலையைக் கண்டு கியரைக் குறைத்தான். அவள் கையை அசைத்து அவனைப் போகச் சொன்னாள்.